இந்தியக் காசு எந்தக் கணக்கிலிருந்து வருகிறது?

இலங்கையின் வடக்கில், எங்கள் பக்கத்தில் இந்திய உதவியைப் பற்றிக் கதை தொடங்கினால் ஆளுக்கொரு தொகை வரும். ஒருவர் 400 கோடி டொலர் என்பார். மற்றவர் 300 கோடி ரூபா என்று பத்திரிகையில் பார்த்ததாகச் சொல்வார். மூன்றாமவர், "உதெல்லாம் கடன்தானே, வட்டியோட திருப்பிக் குடுக்கிறது நாங்கள்தான்" என்று கதையை முடித்துவிடுவார். மூவர் சொல்வதும் முழுப் பிழையில்லை. ஒவ்வொருவரும் வேறு வேறு கணக்கைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

இந்திய வீட்டுத் திட்டம் நடந்த காலத்தில் நான் கிளிநொச்சி மாவட்டத்தில் களப்பணியாளராக இருந்தவன். அது முடிந்தபிறகு கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கும் கடற்றொழிலாளர் சங்கங்களுக்கும் திட்ட முன்மொழிவு எழுதிக் கொடுக்கும் வேலைக்கு வந்தேன். எந்தக் கதவைத் தட்டினால் என்ன கிடைக்கும் என்று தெரியாமல் முன்மொழிவு எழுதுவது கடதாசிக்குக் கேடு. அதனால் டெல்லியில் பட்ஜெட் வாசிக்கப்படும் பெப்ரவரி முதலாம் திகதி, அவர்களுடைய வெளிவிவகார அமைச்சின் ஒதுக்கீட்டுத் தாளை இறக்கிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டேன். யாரும் இறக்கலாம், காசும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை. எங்கள் பிரதேச சபையின் செலவுக் கணக்கை எடுப்பதைவிட இது இலகு. இதைச் சொல்லிச் சிரிப்பதா கவலைப்படுவதா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

2025-26ஆம் ஆண்டுத் தாளை எடுத்துக்கொள்வோம். அமைச்சுக்கு மொத்தம் 20,516 கோடி இந்திய ரூபாய். தூதரகங்களின் செலவு, கடவுச்சீட்டு அலுவலகங்கள், சர்வதேச அமைப்புகளுக்கான சந்தா எல்லாம் அதற்குள் அடக்கம். பிற நாடுகளுக்கான உதவி என்று பிரிந்திருப்பது 5,483 கோடி. அதில் பூட்டானுக்கு 2,150 கோடி. நேபாளத்துக்கு 700, மாலைதீவுக்கு 600, மொரிஷியசுக்கு 500, மியன்மாருக்கு 350, இலங்கைக்கு 300. ஆபிரிக்க நாடுகள் அத்தனைக்கும் சேர்த்து 225. பங்களாதேஷுக்கு 120. ஆப்கானிஸ்தானுக்கு 100, ஈரானில் உள்ள சாபஹார் துறைமுகத்துக்கு 100.

முதற்தடவை பார்ப்பவர்கள் பூட்டானில்தான் தடுக்கி விழுவார்கள். எட்டு இலட்சம் பேர்கூட இல்லாத நாடு. ஐந்தில் இரண்டு பங்கு உதவி அங்கே போகிறது. ஒரு முழுக் கண்டத்துக்கு அதில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்குதான். வறுமையை அளந்து பிரித்தால் இப்படி வராது. அந்த அளவுகோல் இந்தத் தாளில் இல்லவே இல்லை, இருப்பதாக டெல்லியும் சொல்வதில்லை. எல்லை, ஆறு, மின்சாரம், சீனா என்ற நான்கையும் மனதில் வைத்துக்கொண்டு மறுபடி வாசித்தால் வரிசை விளங்கிவிடும். பூட்டானின் ஆறுகளில் இந்தியா நீர்மின் நிலையங்கள் கட்டிக் கொடுத்து, அங்கு மிஞ்சும் மின்சாரத்தைத் தானே வாங்குகிறது. சுக்கா நிலையத்துக்குக் கொடுத்ததில் 60 வீதம் மானியம், 40 வீதம் கடன். பிந்தி வந்த 720 மெகாவாட் மங்தேச்சு நிலையத்தில் இது தலைகீழாகி 30 வீதம் மானியம், 70 வீதம் கடன் என்றானது. இதற்கு மேலதிகமாகப் பூட்டானின் பதின்மூன்றாவது ஐந்தாண்டுத் திட்டத்துக்கு 10,000 கோடி தருவதாக 2024 மார்ச்சில் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வாக்கு ஆண்டுக்காண்டு துண்டு துண்டாக இந்தத் தாளில் இறங்கும்.

ஆகவே ஒரு நாட்டின் பெயருக்கு நேரே உள்ள தொகைக்குள் மானியமும் இருக்கலாம், கடனும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. ஒதுக்கீட்டுத் தாள்களில் ஒவ்வொரு செலவுக்கும் நான்கு இலக்கத் தலைப்பு எண் இருக்கும். 3605 என்றால் பிற நாடுகளுடனான தொழினுட்ப, பொருளாதார ஒத்துழைப்பு. எங்களுக்குத் தெரிந்த மானிய உதவி இதற்குள் வருகிறது. 7605 என்றால் வெளிநாட்டு அரசுகளுக்குக் கொடுத்த முற்பணம், அதாவது கடன். தாள் முழுவதையும் வாசிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இந்த இரண்டு எண்களையும் தேடினால் போதும்.

அடுத்தது நிரல். தாளில் ஒரே நாட்டுக்கு நேரே பல நிரல்கள் இருக்கும்: முந்தைய ஆண்டொன்றில் உண்மையாகச் செலவானது, நடப்பு ஆண்டுக்கு முதலில் ஒதுக்கியது, அதையே இடையில் திருத்தியது, வரப்போகும் ஆண்டுக்கு ஒதுக்குவது. செய்தி எழுதுபவர்கள் தங்களுக்கு வசதியான இரண்டை எடுத்து ஒப்பிடுவார்கள். மாலைதீவின் கதை இதற்கு நல்ல உதாரணம். 2023-24இல் முதலில் ஒதுக்கியது 400 கோடி. ஆண்டு நடுவில் அது ஏறக்குறைய 771 கோடியாகத் திருத்தப்பட்டது. 2024 பெப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் 600 கோடி என்று வந்தது. அப்போது மாலேயில் புதிய ஜனாதிபதி இந்தியப் படையினரை வெளியேறச் சொல்லிக்கொண்டிருந்த நேரம். 'மாலைதீவுக்கு உதவி வெட்டு' என்று ஒரு தலைப்பு; 771உடன் ஒப்பிட்டால் அது சரி. 400உடன் ஒப்பிட்டால் அதே 600 கூட்டிக் கொடுத்ததாகிறது. அந்த ஜூலையில் முழு பட்ஜெட் வந்தபோது மறுபடி 400. அடுத்த ஆண்டு 600. இதை வைத்து இரு நாட்டு உறவைப் பற்றி எவ்வளவும் எழுதலாம், எழுதினார்கள். ஆப்கானிஸ்தானுக்கு 2024-25இல் 200 கோடி ஒதுக்கி, பிறகு 50 ஆகக் குறைத்ததை எத்தனை பேர் கவனித்தார்கள்? ஒதுக்கிய காசு போய்ச் சேர்ந்த காசு ஆகாது. நான் யாருக்காவது ஆண்டு விபரம் எழுதிக் கொடுத்தால் எந்த நிரலில் எடுத்தேன் என்பதைப் பக்கத்தில் எழுதாமல் விடுவதில்லை.

தாளில் இலங்கைக்கு நேரே உள்ள தொகையிலும் இப்படி ஒரு சரிவு உண்டு. 2015-16இல் 500 கோடியாக இருந்தது, அடுத்த ஆண்டு 230 ஆனது. "ஆட்சி மாறிட்டுது, இனி இந்தியா எங்களைத் திரும்பியும் பாக்காது" என்று அப்போது கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலில் கதைத்தார்கள். களத்தில் நின்ற எங்களுக்கு அது அதிசயமாகப் படவில்லை. வடக்குக் கிழக்கில் வீடுகள் முடிந்துகொண்டிருந்தன, கடைசித் தவணைகள் போய்க்கொண்டிருந்தன. தொகை குறைந்தால் அரசியலைத் தேட முதல் எந்தத் திட்டம் முடிகிறது என்று பார்க்கச் சொல்வது அதனால்தான்.

வீட்டுத் திட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தாளில் ஒரு வரியாக உள்ள காசு நிலத்தில் எப்படிப் பிரிகிறது என்று நான் கண்ணால் பார்த்த இடம் அதுதான்.

2010 ஜூனில் 50,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. மொத்தம் 1,372 கோடி இந்திய ரூபாய், முழுவதும் மானியம். முதலில் 1,000 வீடுகளை ஒப்பந்தகாரர்கள் கட்டினார்கள். அதன்பின் வடக்குக் கிழக்கில் 45,000 வீடுகள், வீட்டுக்காரரே கட்டும் முறையில். மிச்சம் 4,000 மத்திய, ஊவா மாகாணங்களின் தேயிலைத் தோட்டங்களுக்கு. வீட்டுக்காரர் கட்டும் கட்டம் 2012 ஒக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில் தொடங்கியது. புதுவீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபா, திருத்த வேலைக்கு 2,50,000. இந்தியத் தூதரகம் பயனாளியின் வங்கிக் கணக்குக்கு நேரே தவணை தவணையாகப் போடும். யூ.என். ஹபிட்டாட், செஞ்சிலுவை அமைப்பு போன்ற முகவர் நிறுவனங்கள் கூட நின்று வேலையை அளந்து சான்றிதழ் கொடுக்கும்.

1,372 கோடியை 50,000ஆல் பிரித்தால் வீட்டுக்கு இரண்டே முக்கால் இலட்சம் இந்திய ரூபாய். அன்றைய மாற்று விகிதத்தில் ஆறரை இலட்சம் இலங்கை ரூபாவுக்குச் சற்றுக் கூட. தோட்ட வீடுகளுக்குக் கூடுதல் தொகை, திருத்த வேலைக்குக் குறைவு என்று ஏற்ற இறக்கங்கள் இருந்தாலும், ஒரு குடும்பத்தின் கையில் 5,50,000 சேர்ந்தது என்றால் பெரும்பங்கு போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். உதவித் திட்டங்களோடு பழகியவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. வாகனம், கருத்தரங்கு, ஆலோசகர் என்று கரையாமல் காசு வங்கிப் புத்தகத்தில் விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். இந்தியா செய்த பிரிப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. அதைச் சொல்லிவிட்டுத்தான் குறை சொல்ல உரிமை உண்டு.

அத்திவாரம் முடிந்தால் ஒரு தவணை, சுவர் கதவு, யன்னலின் மேல்விளிம்பு வரை, அதாவது லிண்டல் மட்டம் வந்தால் இன்னொன்று, பிறகு கூரை. தொழினுட்ப உத்தியோகத்தர் வந்து அளந்து கையெழுத்து வைத்தால்தான் அடுத்தது இறங்கும். ஒரு கிராமத்தில் நூறு வீடு ஒரே மாதத்தில் தொடங்கினால் என்ன நடக்கும்? மணல் உழவு இயந்திரப் பெட்டிக்கு நேற்றிருந்த விலை இன்று இல்லை. மேசன்மாருக்கு ராச மரியாதை. அரைவாசிச் சுவரில் ஒரு வீட்டை விட்டுவிட்டு அடுத்த கிராமத்தில் கூடக் கூலிக்குப் போய்விடுவார்கள். தொகை மட்டும் 5,50,000இலேயே நின்றது. விலையேற்றத்தின் பாரம் முழுக்கக் குடும்பத்தின் தலையில். ஒரு ஆச்சி என்னிடம் கேட்டா: "தம்பி, இந்தியா தந்தது அஞ்சரை லட்சம். நான் காப்பை அடைவு வச்சுப் போட்டது மூண்டு லட்சம். அப்ப இது ஆற்ற வீடு?" வீட்டு வாசலில் பதிக்கும் பெயர்ப்பலகையோடு நான் நின்றுகொண்டிருந்த நேரம் அது.

எல்லோருக்கும் ஒரே தொகை என்பது காகிதத்தில் நியாயம். ஆம்பிளைப் பிள்ளைகள் இருக்கிற குடும்பம் மண் அள்ளி, கல் சுமந்து, கூலியில் கணிசமான காசை மிச்சம் பிடித்தது. கணவனை இழந்த பெண் தலைமை தாங்கும் குடும்பத்துக்கு ஒவ்வொரு கல்லும் கூலியோடுதான் வந்தது. பயனாளியைத் தெரிவு செய்யும்போது அந்தப் பெண்ணுக்குக் கூடப் புள்ளி கிடைத்தது. கட்டும்போது கூடக் காசு கிடைக்கவில்லை. பெயர் வந்தால் போதும் என்று பட்டியலில் மட்டும் கண்ணாக இருந்த சங்கங்கள் இதைப் பிந்தித்தான் கண்டன. முந்திக் கண்டவை சுழற்சி முறையில் சிரமதானம் வைத்து அந்த வீடுகளை முதலில் கூரை மட்டத்துக்குக் கொண்டுவந்தன. சில சங்கங்கள் சீமெந்தை மொத்தமாக எடுத்து விலையைக் குறைத்தன. அடுத்த வீட்டுத் திட்டம் எங்கிருந்து வந்தாலும் கிராமக் கூட்டத்தின் முதல் நாளிலேயே இந்த இரண்டையும் தீர்மானமாகப் போட்டு வையுங்கள்.

காணிப் பத்திரம் இன்னொரு தலையிடி. உறுதி இல்லாதவர், பேமிட் என்ற அரச காணி அனுமதிப் பத்திரத்தைத் தொலைத்தவர், பேமிட் தகப்பன் பெயரில் இருக்க நாலு சகோதரங்கள் அதே வளவில் குடியிருப்பவர் என்று எல்லா வகையும் இருந்தார்கள். டெல்லியில் காசு ஒதுக்கப்பட்டிருந்தும் இந்தக் கடதாசி இல்லாததால் கொட்டிலிலேயே இருந்த குடும்பங்கள் உண்டு. உதவி வருமுன் காணிக் கச்சேரியில் பெயர் மாற்றத்தை முடித்து வைத்திருங்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லுவேன். யாரும் உற்சாகமாகக் கேட்பதில்லை, ஆனால் இதைவிடப் பெரிய ஆயத்தம் வேறில்லை.

தோட்டங்களின் கதை பிந்தியே நகர்ந்தது. ஏழு பேர்ச் காணி கைக்கு வரவேண்டும், பாதையும் தண்ணீரும் மின்சாரமும் இலங்கை அரசு போட்டுத் தர வேண்டும். 4,000 வீட்டுக் கட்டத்தில் வீட்டுக்கு 9,50,000 ரூபா. 2017 மே மாதம் நோர்வூட்டில் மோடி அறிவித்த மேலதிக 10,000 வீடுகளுக்கு, பொருளாதார நெருக்கடிக்குப் பின் தொகை 28 இலட்சமாக உயர்ந்தது. அதாவது விலையேறினால் தொகையை மாற்ற முடியும், மாற்றியும் இருக்கிறார்கள். வன்னியில் நாங்கள் அதை எழுத்தில் கேட்டோமா என்பது வேறு கேள்வி.

இப்போது மூன்றாமவரின் பேச்சுக்கு வருவோம்: "எல்லாம் கடன்தானே." 2014 ஒக்டோபரில் யாழ்தேவி ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த தண்டவாளம் இந்தியக் கடனில் போட்டது. காங்கேசன்துறை வரைக்கும் தலைமன்னார் வரைக்கும் போன பாதைகளும் அப்படித்தான். இர்கொன் என்ற இந்திய அரச நிறுவனம் கட்டியது. இந்தக் காசை வெளிவிவகார அமைச்சின் தாளில் தேடினால் கிடைக்காது. இந்திய ஏற்றுமதி இறக்குமதி வங்கி, எக்சிம் வங்கி என்பது, சந்தையில் காசு திரட்டிக் கடன் கொடுக்கிறது. குறைந்த வட்டிக்குக் கொடுப்பதால் வரும் இடைவெளியை இந்திய நிதியமைச்சு தன் கணக்கிலிருந்து நிரப்புகிறது. உலகம் முழுவதற்கும் இப்படி 300க்கு மேற்பட்ட கடன் வசதிகள், 3,000 கோடி டொலருக்கு மேல். தாளில் 225 கோடி ரூபாய் மட்டும் காட்டும் ஆபிரிக்காவுக்கு இந்த வழியில் 1,200 கோடி டொலரளவு கடன் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. அந்தக் கண்டத்தைக் கைவிட்டுவிட்டார்கள் என்று தாளை மட்டும் பார்த்துச் சொன்னால் தவறாகிவிடும்.

இந்தக் கடனுக்கு ஒரு நிபந்தனை உண்டு. பொருளிலும் சேவையிலும் பொதுவாக 75 வீதம் இந்தியாவிலிருந்து வாங்க வேண்டும். சில திட்டங்களில் தளர்த்துவார்கள். ஆகவே கடனில் ஒரு பாலமோ பாதையோ வருகிறது என்றால் உள்ளூர் ஒப்பந்தகாரருக்கும் கூலியாளுக்கும் மிஞ்சிய கால்பங்கில்தான் இடம். எங்கள் ஊர்ப் பொடியன்களுக்கு வேலை வரும் என்று வாக்குக் கொடுக்குமுன் சங்கத் தலைவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பது நல்லது. வீட்டுத் திட்டத்தில் மணலும் கல்லும் மேசனும் எங்கள் பக்கத்திலேயே புழங்கியதற்குக் காரணம் அது மானியம் என்பதும், காசைப் பயனாளியே செலவழித்தார் என்பதும்தான்.

முதலாமவரின் 400 கோடி டொலர் 2022 நெருக்கடியின் கணக்கு. பெற்றோல் வரிசையில் நின்ற யாருக்கும் மறக்காது. அந்த ஆண்டு ஜனவரியில் இந்திய ரிசேர்வ் வங்கி 40 கோடி டொலர் நாணயப் பரிமாற்றம் தந்தது. பெப்ரவரியில் எரிபொருளுக்கென்று எக்சிம் வங்கி 50 கோடி. மார்ச் 17ஆம் திகதி உணவுக்கும் மருந்துக்கும் ஸ்டேட் பாங்க் ஒப் இந்தியா 100 கோடி. நாடுகளுக்கு இடையிலான வர்த்தகக் கொடுப்பனவுகளைத் தீர்க்கும் ஆசிய தீர்வக ஒன்றியத்தின் வழியாகக் கட்டவேண்டிய நிலுவைகளைத் தள்ளிப்போட்டதும் இதில் சேரும். மூன்று வங்கிகள், மூன்று வகை ஒப்பந்தம், எதுவும் அந்த அமைச்சின் தாளில் இல்லை. மூன்றரைக் கோடி டொலர் பெறுமதியான 300 கோடி ரூபாயையும் இந்த 400 கோடி டொலரையும் ஒரே தராசில் வைத்துத்தான் எங்கள் ஆட்கள் தேநீர்க் கடையில் சண்டை பிடிக்கிறார்கள்.

அதே காலத்தில் வந்த தமிழ்நாட்டு அரிசி இன்னொரு வகை. ஏப்ரல் 29ஆம் திகதி தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது: 40,000 தொன் அரிசி, 500 தொன் பால்மா, மருந்து. வெளிநாட்டு விவகாரம் இந்திய மத்திய அரசின் அதிகாரத்துக்குள் வருவதால் ஒரு மாநிலம் தன் விருப்பத்துக்குக் கப்பல் அனுப்ப முடியாது. டெல்லி அனுமதி கொடுத்தபிறகே மே மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதற் கப்பல் புறப்பட்டது. காசு மாநிலத்தினது, வழி மத்திய அரசினது. தமிழ்நாட்டு அரசியல்வாதிகளுக்கு மனுக் கொடுத்து எல்லாம் முடிந்துவிடும் என்று நினைக்கும் சங்கங்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இது. மனுக் கொடுங்கள், ஆனால் யாழ்ப்பாணத்தில் உள்ள துணைத் தூதரகத்துக்கும் ஒரு பிரதி போகட்டும்.

கடனுக்கும் மானியத்துக்கும் இடையிலுள்ள கோடு நகரக்கூடியதும்கூட. 2025 ஏப்ரலில் 10 கோடி டொலருக்கு மேற்பட்ட பழைய கடன் மானியமாக மாற்றப்பட்டதாக அறிவித்தார்கள். அந்த ஆண்டின் கடைசியில் டித்வா புயலுக்குப் பின் 45 கோடி டொலர் உதவி என்று செய்தி வந்தது. உடைத்துப் பார்த்தால் 35 கோடி சலுகைக் கடன், 10 கோடி மானியம். தலைப்புச் செய்தியில் பெரிய தொகையைக் கண்டவுடன் நான் முதலில் தேடுவது இந்த உடைப்பைத்தான். சின்னச் சங்கத்துக்கு 45இல் வேலையில்லை, 10இல் மட்டுமே.

பயிற்சிக்கான செலவு நாட்டுப் பெயரில் வராது. பிற நாட்டவர்களுக்கு இந்தியாவில் பயிற்சி கொடுக்கும் ஐடெக் என்ற திட்டம் 1964இலிருந்து நடக்கிறது. தாளில் அதற்குத் தனி வரிசை. விமானச் சீட்டு, தங்குமிடம், சாப்பாடு, கைச்செலவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. நான் ஹைதராபாத்தில் கிராம அபிவிருத்திப் பயிற்சி ஒன்றுக்குப் போனேன். வகுப்பில் பாதிக்கு மேல் ஆபிரிக்க நாட்டவர்கள். எங்கள் பக்கத்தில் இதற்கு விண்ணப்பிப்பவர்கள் மிகக் குறைவு, பெரும்பாலும் அரச உத்தியோகத்தர்கள். 25க்கும் 45க்கும் இடைப்பட்ட வயது, வேலை அனுபவம், ஓரளவு ஆங்கிலம் இருந்தால் போதும். விண்ணப்பம் இணையத்தில், அதை அச்செடுத்து உரிய திணைக்களத்தின் சிபாரிசோடு கொடுக்க வேண்டும். கணினியைவிடச் சிபாரிசுதான் இழுபடும், ஆகவே அதிலிருந்து தொடங்குங்கள்.

இனி கேட்கிற விதம். வடமராட்சி கிழக்கில் ஒரு கடற்றொழிலாளர் சங்கம் வலை பின்னும் மண்டபம் ஒன்றுக்காக என்னிடம் வந்தது. தலைவர் நேரே துணைத் தூதரகத்துக்குக் கடிதம் கொடுத்துவிட்டு, பதில் இல்லை என்று கோபமாக இருந்தார். "அண்ணை, அவை தரமாட்டினம் எண்டில்லை, உங்களிட்டத் தர வழியில்லை" என்று விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. இந்திய மானியம் அரசுக்கும் அரசுக்கும் இடையில் போகிறது. சமூக அபிவிருத்திக்கான சிறு திட்டங்கள் என்று ஒரு பிரிவு உண்டு; பாடசாலைக் கட்டடம், வைத்தியசாலைப் பிரிவு, மீனவர் வசதி எல்லாம் அதில் வந்திருக்கின்றன. ஆனால் இலங்கைப் பக்கத்தில் ஒரு அமைச்சு அதைத் தன் திட்டமாக ஏற்று, தூதரகத்தோடு ஒப்பந்தம் போட வேண்டும். கிழக்கு மாகாணத்துக்கென்று 240 கோடி இலங்கை ரூபா மானியத்துக்கு 2025 ஏப்ரலில் கையெழுத்தானதும் அரசுகளுக்கு இடையிலான உடன்படிக்கையாகத்தான்.

ஆகவே கடிதம் போகவேண்டிய வழி வேறு: கிராம அலுவலர், பிரதேச செயலகத்தின் திட்டமிடல் பிரிவு, மாவட்டச் செயலகம், பிறகு கடற்றொழில் அமைச்சு. ஒவ்வொரு மேசையிலும் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். காணி யாருடையது, கட்டிமுடிந்தபின் யார் பராமரிப்பது, மின்கட்டணம் யார் கட்டுவது. இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் இருந்தால் பைல் நகரும். அந்தச் சங்கத்துக்குக் காணி கரையோரப் பாதுகாப்பு எல்லைக்குள் விழுந்தது, அதைத் தீர்ப்பதற்கே பெருங்காலம் எடுத்தது. துணைத் தூதரகத்துக்குக் கொடுத்த கடிதமும் முற்றாக வீண்போகவில்லை. அமைச்சிலிருந்து பட்டியல் போனபோது அந்த ஊரின் பெயர் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

காலத்தையும் பாருங்கள். இந்திய நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும், எங்களுடையது ஜனவரியில் தொடங்குகிறது. எங்கள் அமைச்சு அடுத்த ஆண்டுத் திட்டங்களை நடு ஆண்டில் கேட்கும்போது உங்கள் முன்மொழிவு உள்ளே இருக்க வேண்டும். டெல்லியில் திருத்திய ஒதுக்கீடு போடப்படும் மாதங்களில் செலவாகாமல் கிடக்கும் தொகை வெட்டுப்படும். அந்த நேரத்தில் ஆயத்தமான, காணிப் பிரச்சினை இல்லாத, விலைமதிப்பீடு புதுப்பிக்கப்பட்ட திட்டத்துக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. மதிப்பீட்டை ஆறு மாதத்துக்கு ஒருக்காப் புதுப்பித்து, திகதி போட்டு, தொழினுட்ப உத்தியோகத்தரின் கையெழுத்தோடு வைத்திருங்கள். வடமராட்சிச் சங்கத்தின் பைல் இப்போது அமைச்சில் இருக்கிறது. அவர்களின் மதிப்பீட்டில் கூரைத்தகட்டு விலை பழையது. அதைத் திருத்திக் கொடுக்க வரும் கிழமை மருதங்கேணிக்குப் போகிறேன்.